நெடும்பயணத்தின் கடைசியில் ஓர் எரிமலை: ஏறி இறங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

பல வாரங்களோ மாதங்களோ நாடு நாடாகச் சுற்றிவிட்டு, அந்தப் பயணத்தின் முத்தாய்ப்பாக ஓர் எரிமலையின் உச்சியில் நிற்க வேண்டும் என்று திட்டமிடுவோர் பலர். அந்த ஆசை நியாயமானது. ஆனால் வீட்டிலிருந்து நேராகக் கிளம்பி மலையேறப் போகிறவருடைய நிலையும், நெடுந்தூரம் அலைந்தபின் அடிவாரத்துக்கு வந்து சேர்கிறவருடைய நிலையும் ஒன்றல்ல. பின்னவரின் உடல் இளைத்திருக்கும், காலணி தேய்ந்திருக்கும், கையிருப்புப் பணமும் விடுப்பு நாட்களும் விசாக் காலமும் ஒருசேரக் கரைந்திருக்கும், ஊர் திரும்பும் விமானத்துக்குத் தேதி குறித்தாகியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏறாமல் போவதா என்ற எண்ணம் மனத்தில் ஊன்றியிருக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் ஒருவரைத் திரும்பவிடாமல் செய்வது அந்த எண்ணம்தான். ஆகவே மலையைக் கடைசியில் வைக்கிறவர்கள் திட்டத்தை மலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

மலையைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு மலையைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்: அது எவ்வளவு உயரம், எவ்வளவு விழிப்பாக இருக்கிறது, ஏறும் தரை எப்படிப்பட்டது. உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். எக்வடோரின் கோட்டோபாக்சி 5,897 மீட்டர். இரண்டு மீட்டர்தான் வேறுபாடு. ஆனால் கிளிமஞ்சாரோவின் வழக்கமான பாதைகளில் கயிறோ பனிக்கோடரியோ தேவைப்படாது. மூச்சும் பொறுமையும் இருந்தால் நடந்தே ஏறலாம். கோட்டோபாக்சியோ பனியாறு மூடிய மலை. காலணியில் முள்தகடு மாட்டி, கயிற்றால் ஒருவரோடு ஒருவர் பிணைந்து, பனிப்பிளவுகளைத் தாண்டி ஏற வேண்டும். அதிலும் 2015இல் அது வெடித்தபின் உச்சிக்குச் செல்வது இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தடை செய்யப்பட்டிருந்தது. பல மாதங்களுக்கு முன்பே அதைக் குறிவைத்துப் புறப்பட்ட ஒருவருக்கு அந்தத் தடை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே முதன்மையான மலையோடு மாற்றாக இன்னொரு மலையையும் அதே வட்டாரத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சற்றுத் தாழ்ந்த உயரங்களிலும் நிறைவான மலைகள் உண்டு. குவாத்தமாலாவின் அக்காத்தெனாங்கோ 3,976 மீட்டர். அது அமைதியாக இருக்க, பக்கத்திலேயே நிற்கும் ஃபுயேகோ நெருப்பை உமிழ்வதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்கலாம். இந்தோனேசியாவின் ரிஞ்சானி 3,726 மீட்டர். மழைக்காலத்தில் அதன் பாதைகள் மூடப்படும். ஸ்பெயினின் தெய்தே 3,715 மீட்டர்; கம்பிவட ஊர்தி மேலே கொண்டுபோய் விட்டாலும் கடைசி ஏற்றத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஜப்பானின் ஃபூஜி 3,776 மீட்டர்; கடைசியாக வெடித்தது 1707இல். அதன் ஏறும் பருவம் ஜூலைத் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை மட்டுமே. 2025 முதல் ஏறுவோர் ஒவ்வொருவருக்கும் 4,000 யென் கட்டணம். மலைக்குடிலில் இடம் பதிவு செய்யாதவர்கள் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு நுழைவாயிலைத் தாண்ட முடியாது. தங்காமல் இரவோடு இரவாக ஏறி விடியலைப் பார்க்க முயன்றவர்கள் களைப்பிலும் குளிரிலும் விழுந்ததே இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம்.

நெடும்பயணத்தின் இறுதியில் ஏறுவதென்றால், நல்ல உடல்நிலையில் உங்களால் ஏற முடியும் என்று நீங்கள் நம்பும் மலையைவிட ஒரு படி எளிதான மலையைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுதல்

திரும்பும் விமானத் தேதியிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் குறைந்தது மூன்று நாட்கள் எந்த வேலையும் இல்லாமல் வெறுமனே இருக்க வேண்டும். மழையாலோ காற்றாலோ ஏற்றம் ஒருநாள் தள்ளிப்போனால் அந்த நாட்கள் ஈடுகொடுக்கும். அவை இல்லாதவர் மோசமான வானிலையிலும் ஏறத் துணிவார். எரிமலை நாடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சாம்பல் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவிடும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் ஒரே ஓர் எரிமலை எழுப்பிய சாம்பலால் ஐரோப்பாவின் வான்வெளியில் பெரும்பகுதி ஏறத்தாழ ஆறு நாட்கள் மூடப்பட்டது. விசா முடியும் நாளும் விமான நாளும் ஒன்றாக அமையாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது.

அடுத்து, மலைக்கு முந்தைய வாரம். இந்த வாரத்தில் நீண்ட இரவுப் பேருந்துப் பயணங்களையும் இடம் மாறி இடம் தங்குவதையும் தவிர்த்து, இயன்றால் மலைக்கு அருகே, சற்று உயரமான ஓர் ஊரில் தங்கிவிட வேண்டும். கடற்கரையும் எரிமலையும் அருகருகே இருக்கும் தீவுகளில் பலர் ஆழ்கடலில் முக்குளித்துவிட்டு மறுநாள் காலையிலேயே மலையேறக் கிளம்புகிறார்கள். இது ஆபத்தானது. முக்குளிக்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேறுமுன் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகளாக மாறும். விமானத்தில் ஏறுவதற்குச் சொல்லப்படும் இடைவெளியே மலைக்கும் பொருந்தும். முழுமையாக 24 மணி நேரமாவது விடுங்கள்.

காப்பீட்டையும் இப்போதே பாருங்கள். பயணக் காப்பீடுகள் பலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏறினால் இழப்பீடு கிடையாது என்ற விதி இருக்கும். அதிகாரிகள் தடை செய்த பகுதிக்குள் சென்று அடிபட்டாலும் அதே கதிதான். மலையிலிருந்து தூக்கிவரும் செலவு அதில் அடங்குகிறதா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடலைத் திரும்பத் தேற்றுதல்

நீண்ட பயணம் உடலை உரமாக்கும் என்பது பாதி உண்மை. தினமும் நகர வீதிகளில் நடப்பவருக்குக் கால் பழகியிருக்கலாம். ஆனால் முதுகுச் சுமையோடு ஆயிரம் மீட்டர் ஏறி இறங்கும் தொடைத் தசை அதனால் உருவாகாது. வயிற்றுப்போக்கு, ஒழுங்கற்ற தூக்கம், போதாத உணவு ஆகியவை சேர்ந்து எடையைக் குறைத்திருக்கும். மலைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே, தங்கும் ஊரில் உள்ள குன்றோ படிக்கட்டோ எதுவாயினும், பையில் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து ஏறி இறங்கிப் பழக வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிகப் பயிற்சி தேவை; முழங்கால் வலி வருவது இறக்கத்தில்தான். வயிறு கெட்டு இரண்டு நாள்கூட ஆகாத நிலையில் ஏறக் கூடாது. உடலில் நீர் குறைந்திருக்கும்போது களைப்பும் தலைவலியும் எளிதில் தொற்றிக்கொள்ளும். அது உயரத்தால் வந்ததா, நீர் குறைவால் வந்ததா என்று மேலே போனபின் பிரித்தறிய முடியாது.

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம். வயதோ பலமோ அதைத் தடுப்பதில்லை. சொல்லப்போனால் பலசாலிகள் வேகமாக ஏறுவதால் அவர்களுக்கே அது முந்தி வருவதுண்டு. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒருநாள் தங்குவதும் மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. கிளிமஞ்சாரோவின் உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். எனவே அதற்குமுன் பக்கத்திலுள்ள 4,562 மீட்டர் உயர மேரு மலையில் ஏறி உடலைப் பழக்குவோர் உண்டு. அதுவும் ஓர் எரிமலைதான். அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது. மேலும், அதைப் போட்டுக்கொண்டோம் என்பதற்காக ஏறும் நாட்களைக் குறைக்கவும் கூடாது.

தலைவலி, குமட்டல், பசியின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இவை இருக்கும்வரை மேலே போகக் கூடாது. நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருப்பதன் அடையாளம். உடனே, இருட்டாக இருந்தாலும், துணையோடு கீழே இறங்க வேண்டும்.

எரிமலையின் நிலையை அறிதல்

மற்ற மலைகளுக்கு இல்லாத படி இது. அவசரப்படாமல் செய்ய வேண்டியதும் இதுவே. எரிமலைகள் உள்ள நாடுகள் பெரும்பாலும் எச்சரிக்கை நிலைகளை வெளியிடுகின்றன. இந்தோனேசியாவில் அது 1 முதல் 4 வரை; ஜப்பானில் 1 முதல் 5 வரை; நியூசிலாந்தில் 0 முதல் 5 வரை. ஒரே எண் மூன்று நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் அதனுடன் வெளியாகும் அறிக்கையைப் படிக்க வேண்டும்: எரிமலை வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது, அண்மையில் நில அதிர்வுகளோ வாயு வெளியேற்றமோ கூடியிருக்கின்றனவா, நிலை எப்போது மாற்றப்பட்டது.

எண் குறைவாக இருப்பதாலேயே நிம்மதி கொள்ள முடியாது. 2014 செப்டம்பர் 27, இலையுதிர்கால அழகைப் பார்க்கக் கூட்டம் திரண்டிருந்த ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன், ஜப்பானின் ஒன்டாகே மலை வெடித்தது. அப்போது அதன் எச்சரிக்கை நிலை 1, அதாவது மிகக் குறைந்த நிலை. 58 பேர் இறந்தனர்; 5 பேர் கிடைக்கவேயில்லை. உச்சியருகே மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் மேல் கற்கள் மழையாகப் பொழிந்தன. அது பாறைக்குழம்பு மேலெழுந்து வந்த வெடிப்பு அன்று. அடியிலிருந்த நீர் சூடேறி நீராவியாகிப் பாறையைப் பிளந்துகொண்டு வெளிவந்த வெடிப்பு. இவ்வகை வெடிப்புகள் சிறியவைதாம், ஆனால் முன்னறிகுறி மிகக் குறைவு. நியூசிலாந்தின் வகாரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று நடந்ததும் இத்தகையதே. தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் உயிரிழந்தனர். மூன்று வாரங்களுக்கு முன்புதான் நிலை 1இலிருந்து 2க்கு உயர்த்தப்பட்டிருந்தது. சுற்றுலா மட்டும் நிற்கவில்லை. 2023 டிசம்பர் 3 அன்று சுமத்ராவின் மராப்பி வெடித்தபோது மலையில் சுமார் 75 பேர் இருந்தனர். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் போக வேண்டாம் என்று கண்காணிப்பு நிலையம் முன்பே சொல்லியிருந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது பயணிக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. நுழைவுச்சீட்டு விற்கப்படுகிறது என்பதும், வழிகாட்டி அழைத்துப் போகத் தயாராக இருக்கிறார் என்பதும், மலை பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகா. கண்காணிப்பு நிலையத்தின் அறிக்கையை ஏறும் வாரத்திலும், ஏறும் நாளுக்கு முந்தைய மாலையிலும் நீங்களே படியுங்கள். தடைசெய்த எல்லைக்குள் தெரிந்த வழியாகக் கூட்டிப்போகிறேன் என்று யாரேனும் சொன்னால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், மறுத்துவிடுங்கள். அந்த எல்லைக்குள் ஏதாவது நேர்ந்தால் உங்களைத் தேடி வருகிறவர்களின் உயிரும் பணயமாகிறது.

வாயு

எரிமலை வெடிக்காமலே கொல்லக்கூடியது வாயு. கந்தக டை ஆக்சைடு தொண்டையை அறுப்பதுபோல் எரிக்கும், இருமலை வரவழைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மிகக் கொடியது. ஜப்பானின் அசோ எரிமலையில் ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி, இதய நோய் உள்ளவர்களை வாயருகே வர வேண்டாம் என்றே சொல்கிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் சட்டென்று நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைவது தவறாகலாம். கரியமில வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தேங்கி நிற்கும்.

1997இல் ஜப்பானில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. ஹக்கோடா மலையில் பயிற்சியில் இருந்த தற்காப்புப் படை வீரர்களில் 3 பேர் ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்த கரியமில வாயுவால் இறந்தனர். இரண்டு மாதங்கள் கழித்து, அடத்தாரா மலையில் மூடுபனியில் வழிதவறி எரிமலைப் பள்ளத்துக்குள் போன மலையேறிகள் 4 பேர் ஹைட்ரஜன் சல்பைடால் இறந்தனர். காற்று வீசாத நாட்களிலும் மூடுபனியிலும் குழிவான இடங்களில் இறங்காதீர்கள். காற்றுக்காக ஒதுங்கி உட்காருவதற்குக்கூடப் பள்ளத்தைத் தேடாதீர்கள். குறியிட்ட பாதையை விட்டு விலகாமல், புகை அடித்துச் செல்லப்படும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது காற்று வீசி வரும் பக்கமாக நில்லுங்கள். சாதாரண முகக்கவசம் சாம்பலை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயுவுக்கு அமிலவாயு வடிகட்டி பொருத்திய கவசமே வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

மாதக்கணக்கில் நடந்து தேய்ந்த காலணியைக் கையிலெடுத்துப் புரட்டிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரத்தில் பள்ளங்கள் மழுங்கியிருக்கும். முன்விரல் வளையும் இடத்தில் அடித்தோல் மேல்தோலை விட்டுப் பிரியத் தொடங்கியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அந்தப் பிளவு வாய் திறக்கும். எரிமலைச் சரளை கண்ணாடித் தூள்போல் கூரானது; அந்தப் பிளவில் புகுந்து ஒரே இரவில் அடித்தோலைக் கழற்றிவிடும். புதிய காலணி வாங்குவதானால் இரண்டு வாரம் முன்பே வாங்கிப் பழக்குங்கள். கணுக்காலுக்கு மேல் சுற்றிக் கட்டும் துணியுறை சரளை உள்ளே விழாமல் காக்கும்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கடலோரத்தில் 26 டிகிரி இருக்கும் நாளில் 3,700 மீட்டர் உச்சியில் 2 டிகிரிதான். காற்றும் சேர்ந்தால் அது உறைநிலைக்குக் கீழே உணரப்படும். வெப்ப நாடுகளில் சுற்றியவர் பையில் கம்பளி உடை இருக்காது. அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் முந்தைய நாளே உடுத்திப் பாருங்கள். எரிமலைத் தரையில் நீர் நிற்பதில்லை. நுண்துளைகள் வழியே இறங்கிவிடும். எனவே மேலே ஓடையை நம்பாமல் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசம், நெற்றி விளக்கும் மாற்று மின்கலமும், சாம்பல் புகாத கண்ணாடி, முகக்கவசம், இரண்டு ஊன்றுகோல்கள் ஆகியவை கட்டாயம். கண்ணுக்குள் லென்ஸ் அணிபவர்கள் அன்று மூக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். இரும்புச்சத்து மிகுந்த எரிமலைப்பாறை திசைகாட்டியின் முள்ளைப் பிறழச் செய்யலாம்; வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள்.

ஏறும் இரவு

பெரும்பாலான உச்சி ஏற்றங்கள் நள்ளிரவுக்குப் பின் தொடங்கும். விடியலைப் பார்ப்பது மட்டும் அதற்குக் காரணமன்று. பிற்பகலில் மேகம் கூடி மின்னல் வரும். பனி மூடிய மலைகளில் வெயில் ஏறினால் பனி இளகும். கிளம்புமுன் சோதனைச்சாவடியில் பெயரைப் பதியுங்கள். எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்புவோம் என்பதை வழிகாட்டியிடம் பேசி முடிவு செய்து, அந்த நேரத்தைக் கீழே இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கடைசிச் சரளைச் சரிவுதான் சோதனை. மூன்று அடி ஏறினால் இரண்டு அடி சறுக்கும். விரல்நுனியால் குத்தி ஏறாதீர்கள். பாதம் முழுவதையும் சற்று வெளிப்புறமாகத் திருப்பி வைத்து, கல் அசைந்து அடங்கும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு எடையை மாற்றுங்கள். முன்னே போனவரின் காலடித் தடத்திலேயே வைத்தால் தரை ஏற்கெனவே அமுங்கியிருக்கும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். மேலே ஆட்கள் இருந்தால் நேர்க்கீழே நிற்காதீர்கள். கல் உருண்டால் உரக்கக் கத்தி எச்சரியுங்கள்.

குறித்த நேரம் கடந்துவிட்டால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புங்கள். 1802 ஜூனில், ஐந்தாண்டுப் பயணத்தின் நடுவே, அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் எக்வடோரின் சிம்போராசோ எரிமலையில் ஏறினார். தம் கருவியால் அவர் கணித்தபடி 5,800 மீட்டருக்கும் மேல் சென்றபின், தாண்ட முடியாத பிளவொன்று குறுக்கிட்டதால் உச்சியை அடையாமலே இறங்கினார். அந்தப் பயணத்தில் திரட்டியவற்றைக் கொண்டு, உயரத்துக்கேற்பத் தாவரங்கள் மாறுவதை அதே மலையின் படத்தில் வரைந்து உலகுக்குக் காட்டினார்.

உச்சியில்

வாயின் விளிம்புக்கு நெருங்கிப் போகாதீர்கள். மேலே திடமாகத் தெரியும் விளிம்பு அடியில் அரித்துக் குழிந்திருக்கும். கம்பளி உடையைப் போட்டுக்கொண்டு, ஏதாவது சாப்பிட்டு, அரை மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள்; வெடிப்பில் கல் மிக அடர்ந்து விழும் இடம் அதுவே.

ஒருவேளை வெடித்தால் படம் எடுக்க நிற்காதீர்கள். பெரிய பாறையின் பின்னாலோ தஞ்சக் குடிலிலோ ஒதுங்கி, பையைத் தலைக்கும் கழுத்துக்கும் மேல் பிடித்து, மூக்கையும் வாயையும் மூடுங்கள். கல் விழுவது ஓய்ந்தவுடன், பள்ளத்தாக்குகளைத் தவிர்த்து, முகடு வழியாக எரிமலை வாயை விட்டு விலகி இறங்குங்கள். சூடான சாம்பல் வெள்ளமும் சேறும் பள்ளத்தாக்குகளையே பிடித்து ஓடும்.

இறக்கம்

ஏற்றத்தின் களைப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து கவனத்தைக் குலைப்பது இப்போதுதான். காலணிக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். விரல்கள் முன்பக்கம் மோதாது. நகத்தை முந்தைய நாளே வெட்டியிருக்க வேண்டும். சரளையில் குதிகாலை ஊன்றி, முழங்காலை இளக்கமாக வைத்து, குட்டை அடிகளாக இறங்குங்கள். மழை பெய்தால் சாம்பல் படிந்த ஓடைக்கரைகளில் தங்காதீர்கள். மேலே பெய்த மழை கீழே சேற்று வெள்ளமாக வரலாம்.

சாவடியில் திரும்பியதைப் பதியுங்கள். பதியாவிட்டால் உங்களைத் தேடி ஆட்கள் மேலே போவார்கள். கண்ணில் சாம்பல் விழுந்திருந்தால் தேய்க்காமல் தண்ணீரால் அலசுங்கள். அன்றிரவே பேருந்து ஏறாமல் அடிவாரத்தில் தூங்குங்கள். அதற்காகத்தான் அந்த வெறும் நாட்களை விட்டு வைத்தோம்.